சென்சார் ஒட்டிய இடம்

பயிற்சி வகுப்புக்கு ஆளை அனுப்பிவிட்டு "மூணு நாள் ஜாலியா இருந்துட்டு வாங்க" என்று சொல்கிற மேனேஜர்களை, அந்த நாற்காலியில் ஒரே ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். முதுகு சாய முடியாத பிளாஸ்டிக் நாற்காலி. எலும்பு வரைக்கும் இறங்கும் ஏசி. விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் ஒன்றன் பின் ஒன்றாகக் கோடுகளும் எண்களும். இருபத்திரண்டு இன்ஜினியர்கள். அதில் பாதிப் பேர் கண்ணைத் திறந்தபடியே தூங்கும் வித்தையைக் கல்லூரியிலேயே கற்றுத் தேர்ந்தவர்கள். மீதிப் பேர் மேசைக்கடியில் கைப்பேசியை வைத்துக்கொண்டு ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் அதிர்வுச் சோதனை. இரண்டாம் நாள் அதிர்ச்சிச் சோதனை; காலையிலிருந்து சாயங்காலம் வரை பொருளைத் தூக்கித் தூக்கிப் போட்டு, 'டம் டம்' என்று எல்லாருக்கும் மண்டையிடி. மூன்றாம் நாளான வெள்ளிக்கிழமை கொஞ்சம் செய்முறை, ஒரு பரீட்சை, ஒரு குரூப் போட்டோ. அத்தோடு விட்டது தொல்லை.

மூன்றாவது வரிசை ஓரத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு வயது நாற்பத்தாறு. தொழிற்சாலையில் அவளுக்கு 'பாஸ் அக்கா' என்று பேர். ஆம்புலன்சுக்குள் பொருத்துகிற சுவாசக் கருவி செய்யும் கம்பெனி அது. கருவியை வண்டிச் சுவரோடு பிடித்து நிறுத்துகிற பிராக்கெட் ஓட்டத்தில் உடையாமல் இருக்குமா என்று ஆட்டும் மேசையில் ஏற்றிப் பார்ப்பது அவள் வேலை. ஒன்பது வருஷமாகப் பார்க்கிறாள். அவள் மேசையில் பெயில் ஆனது என்று ஏதாவது உண்டா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். எல்லாமே பாஸ் ஆகிறதே, பொருளைக் கொண்டாடுவதா, சோதனையைச் சந்தேகப்படுவதா என்று ஒருத்தராவது கேட்டார்களா? ஏன் கேட்கப் போகிறார்கள்! பாஸ் ஆனால் லாரி கிளம்பும். லாரி கிளம்பினால் எல்லாரும் நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம்.

கருவியை வாங்குகிற பெரிய வாடிக்கையாளர் இந்த வருஷம் திடீரென்று, சோதனை செய்பவருக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டார். அதனால்தான் இந்தப் பயணம். ஒன்பது வருஷமாகச் செய்த வேலையை எப்படிச் செய்வது என்று, தன்னைவிடப் பத்து வயது சின்னவர் ஒருவர் சொல்லக் கேட்பதில் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்புதான் வந்தது.

அந்தப் பயிற்சியாளருக்கு இருபத்திரண்டு பேரும் சேர்ந்து வைத்த பேர் 'டீ பிரேக் சார்'. மனிதர் முக்கால் மணிக்கொரு தரம் டீ பிரேக் விடுவார். ஒல்லி. தொண்டை கட்டியிருந்தது. மாசத்துக்கு மூன்று ஊர், ஊருக்கு மூன்று நாள், அதே படங்கள், அதே ஜோக். சிரிப்பு வரும் என்று தெரிந்த இடத்தில் நிறுத்துவார், வராவிட்டாலும் கவலைப்படாமல் மேலே போவார்.

அவருக்கு ஒரு பழக்கம். வகுப்புக்கு வருகிறவர்கள் தங்கள் லேபில் பொருளை மேசையில் ஏற்றியிருக்கும் போட்டோ ஒன்றை முன்கூட்டியே அனுப்ப வேண்டும். கம்பெனி பேரை மறைத்துவிட்டு அனுப்ப வேண்டும் என்பது கண்டிப்பு. கடைசி நாள் காலையில் அவற்றைத் திரையில் போட்டுக் குற்றம் குறை சொல்வார். ஒன்றில் போல்ட் போதவில்லை, ஒன்றில் கேபிள் தொங்குகிறது, ஒன்றில் மேசை மேலேயே யாரோ டீ கிளாஸ் வைத்திருக்கிறார்கள். வகுப்பே விழித்துக்கொண்டு சிரித்தது. அடுத்தவன் மூக்குடைபடுவதைப் பார்க்க யாருக்குத்தான் தூக்கம் வரும்?

ஏழாவதாக வந்தது அவளுடையது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒழுங்கான படம் அது. துடைத்து வைத்த மேசை, வரிசையாகக் கட்டிய கேபிள்.

"கேபிள் கட்டியிருக்கிற அழகைப் பாருங்க. இவங்க வீட்டு அலமாரியைப் போய்ப் பார்க்கணும்போல இருக்கு" என்றார் அவர். அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பிறகு அவர் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். "சென்சாரை எங்க ஒட்டியிருக்காங்க?"

யாரோ ஒருவர், "பொருளைப் பிடிச்சிருக்கிற சட்டத்தோட மேல் முனையில சார்" என்றார்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "டீ குடிச்சிட்டு வந்துடலாம். வந்து லேப்ல இதையே செஞ்சு பார்ப்போம்."

டீ முடிந்து எல்லாரும் கீழ்த்தளத்து லேபுக்கு இறங்கினார்கள். ஆட்டும் மேசை மேல், பொருளைப் பிடித்து நிறுத்துகிற இரும்புச் சட்டம் ஒன்று ஏற்றியிருந்தது. ஏறக்குறைய அவள் லேபில் இருக்கும் அதே மாதிரி. கீழே ஒரு தட்டு, அதன் ஓரத்திலிருந்து ஒரு முழம் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் ஒரு பலகை. பொருள் உட்காருவது கீழ்த் தட்டில். டீ பிரேக் சார், ஆட்டத்தை அளக்கிற, சுண்டுவிரல் நகம் அளவு சென்சார் ஒன்றைப் பலகையின் மேல் முனையிலும், இன்னொன்றைக் கீழே பொருளின் காலடியிலும் ஒட்டினார்.

"மெஷினுக்குத் தானா ஒண்ணும் தெரியாது. சென்சார் சொல்றதை நம்பித்தான் ஆட்டும். இப்ப மேல இருக்கிற சென்சாரை நம்பச் சொல்றேன். கீழ இருக்கிறது சும்மா வேடிக்கை பார்க்கட்டும். ரெண்டு கோட்டையும் பாருங்க."

மேசை உறுமத் தொடங்கியது. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. கணினித் திரையில் இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போயின. நொடிக்கு நூறு ஆட்டம் தாண்டியதும் கீழ்ச் சென்சாரின் கோடு பிரிந்தது. இறங்கியது. நூற்றெண்பது கிட்ட வந்தபோது கால்வாசிக்கு வந்துவிட்டது. மேல்கோடு மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"இந்த வேகத்துல பலகை தானாவே கிடந்து ஆடும். சென்சார் அங்கதான் உட்கார்ந்திருக்கு. 'போதும் போதும், நிறைய ஆடுது'ன்னு சொல்லும். மெஷின் பாவம், குறைச்சுடும். பொருளுக்குப் போய்ச் சேர்றது கால்வாசிதான்" என்றார் அவர்.

"அப்போ பொருளுக்குத் தாலாட்டுன்னு சொல்லுங்க சார்" என்றான் முன்னால் நின்ற ஒருவன்.

"ஆமா. தாலாட்டுல யாரும் பெயில் ஆக மாட்டாங்க."

சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள். வாய் கோணியதோடு சரி. கை தானாகக் கணினி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

அந்த முனையைத் தேர்ந்தெடுத்தது அவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சென்சார் கீழேதான் இருந்தது. போல்ட் தலையில் உரசி உரசி மாசத்துக்கு ஒரு கேபிள் அறுந்துபோனது. ஸ்டோரில் புதுக் கேபிள் கேட்டால் எரிந்து விழுந்தார்கள். மேல் முனையில் ஒட்டினால் கேபிள் கூரையிலிருந்து நேராகத் தொங்கும், எதிலும் உரசாது. அன்றைக்கு அதற்காக அவளைப் பாராட்டக்கூடச் செய்தார்கள். அதற்குப் பிறகு ஒரு கேபிளும் அறுந்துபோகவில்லை. ஒரு பிராக்கெட்டும் பெயில் ஆகவில்லை.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு அவள் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். "எங்க சட்டம் இதைவிடத் தடிமன் சார். எங்களுது ஆடாதுன்னு நினைக்கிறேன்" என்றாள். பிச்சை கேட்கிற குரல் மாதிரி இருந்தது அது அவளுக்கே.

"சட்டம் செஞ்சு கொடுத்தவங்க ரிப்போர்ட் ஏதாவது கொடுத்திருப்பாங்களே மேடம்?"

கொடுத்திருந்தார்கள். ஒன்பது வருஷமாக ஒரு ஃபோல்டரில் திறக்காமலே கிடந்தது. பதினோராம் பக்கத்தில், எந்த வேகத்தில் சட்டம் தானாக ஆடும் என்று காட்டும் ஒரு படம். நொடிக்கு நூற்று எழுபத்தெட்டில் ஊசி மாதிரி ஒரு முனை. டீ பிரேக் சார் அதை விரலால் தொட்டுவிட்டு விரலை எடுத்துக்கொண்டார். அவள் ஆடிப்போனாள்.

"ஒவ்வொரு பேட்ச்லயும் யாராவது ஒருத்தருக்கு இந்த இடத்துல முகம் செத்துப்போகும் மேடம். அதான் முன்னாடியே டீ பிரேக் விட்டுடறது" என்றார் அவர் மெதுவாக.

"அவங்கல்லாம் அப்புறம் என்ன சார் பண்ணுவாங்க?"

"பரீட்சை எழுதுவாங்க. போட்டோ எடுத்துக்குவாங்க. ஊருக்குப் போய் சென்சாரைச் சத்தமில்லாம இடம் மாத்திடுவாங்கன்னு நினைக்கிறேன். பழசை யாரும் தோண்டறதில்லை."

"நீங்க யார்கிட்டயும் சொல்றதில்லையா?"

"எந்த கம்பெனின்னே எனக்குத் தெரியாதே மேடம். தெரிஞ்சுக்கக் கூடாதுன்னுதானே பேரை மறைச்சு வாங்கறேன்" என்றார். கெட்டவர் இல்லை. களைத்துப்போனவர். ஊர் ஊராகப் போய் இதையே சொல்லிச் சொல்லி, சொல்வதோடு தன் வேலை முடிந்தது என்று ஆக்கிக்கொண்டவர். அவள் அன்றைக்குச் சாப்பிடவே போகவில்லை.

பழசு என்றால் அவளுக்கு வெறும் பழசா என்ன? அவள் வீட்டுக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருந்த பழசு அது.

அவள் கணவர் அதே தொழிற்சாலையில் அசெம்ப்ளி பிரிவு ஃபோர்மேனாக இருந்தவர். 'ஸ்பேனர் மாமா' என்றால் வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஓடுகிற ஆம்புலன்சில் இரண்டு பிராக்கெட்டுகள் உடைந்தன. யார் உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு நர்ஸ் முக்கால் மணி நேரம் அந்தக் கருவியை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரை வந்திருக்கிறாள். திரும்பி வந்த பிராக்கெட்டுகளில் ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. விசாரணை வைத்தார்கள். நீள மேசையின் ஒரு பக்கம் அவர், எதிர்ப்பக்கம் அவள்.

"எல்லா ஸ்க்ரூவையும் நானே இறுக்கத்தை அளக்கிற டார்க் ரெஞ்ச் வெச்சு டைட் பண்ணிப் பார்த்துத்தான் சார் அனுப்பினேன்" என்றார் அவர்.

மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. டெஸ்ட் பாஸா, இல்லையா?"

"பாஸ் சார். மறுபடியும் ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். மூணு தடவையும் பாஸ்."

அவ்வளவுதான் கதை. டிசைன் சரி, டெஸ்ட் சரி, அப்படியானால் ஸ்க்ரூவை டைட் பண்ணவில்லை. அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அதற்கப்புறமும் இரண்டு உடைந்து வந்தன. வண்டி ஓட்டியவர் முரட்டுத்தனமாக ஓட்டினார் என்று எழுதி மூடினார்கள். டெஸ்ட் பாஸ் என்று ஒரு காகிதம் இருந்துவிட்டால் பழியைப் போட உலகத்தில் ஆளா கிடைக்காது?

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார்: "'என் டெஸ்ட்லயும் தப்பு இருக்கலாம்'னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"இல்லாத தப்பை எப்படிங்க சொல்றது? என் கையில கிராஃப் இருக்கு" என்றாள் அவள். புருஷன் என்பதற்காகப் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது தன்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

அவர் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஆனால் வீட்டில் புதிதாக ஒரு பழக்கம் வந்தது. வேலையிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் குழாய், ஜன்னல் கொக்கி, மின்விசிறி மாட்டிய போல்ட் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து இறுக்குவார். இறுக்கியதையே மறுநாளும் இறுக்குவார். "அம்மா, அப்பா மறுபடியும் குழாயைத் திருகறார், உடைச்சிடப் போறார்" என்று பள்ளியில் படிக்கும் மகள் கத்துவாள். இவளும் இரண்டு தரம் எரிச்சலோடு ஸ்பேனரைப் பிடுங்கி வைத்திருக்கிறாள்.

மதியம் மூன்று மணிக்குப் பரீட்சை. ஏழாவது கேள்வி: மெஷின் நம்ப வேண்டிய சென்சாரை எங்கே ஒட்ட வேண்டும், ஏன்? இரண்டு மார்க். சரியான விடையை எழுதினாள். ஒன்பது வருஷம் இரண்டு மார்க்கில் அடங்கிவிட்டது.

போட்டோவுக்கு எல்லாரும் வாசலில் நின்றபோது அவள் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து மேனேஜருக்குப் போன் போட்டாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். 

"நல்லா கவனிச்சுப் படிச்சிருக்கீங்கம்மா. அனுப்பினது வீண் போகலை" என்றார் மேனேஜர். "திங்கள்கிழமை வந்ததும் சென்சாரைக் கீழ மாத்திடுங்க. 'முறை மேம்பாடு'ன்னு ஒரு வரி எழுதிப் போட்டுடலாம்."

"சார், அசெம்ப்ளி விசாரணை..."

"அது முடிஞ்சுபோன விஷயம்மா. அவரும் ஸ்டோர்ல நிம்மதியாத்தானே இருக்கார்? கிளறினா முதல்ல உங்க கையெழுத்துதான் வெளிய வரும். பார்த்துக்கோங்க. ரெண்டு நாள் நல்லா ரெஸ்ட் எடுங்க."

மிரட்டலா, அக்கறையா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல். உண்மையைச் சொன்னால் அவளுக்கும் ரெஸ்ட்தான் வேண்டியிருந்தது. ரயில் ஏறி, ஜன்னலில் தலையைச் சாய்த்து, திங்கள்கிழமை ஒரு சென்சாரை ஒரு முழம் கீழே இறக்கினால் தீர்ந்துபோகும். யாருக்கும் தெரியாது. வீட்டில் அவர்கூடக் கேட்க மாட்டார். கேட்பதைத்தான் அவர் நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறதே. ஐந்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு கணவரின் எண்ணை அழுத்தினாள்.

"சொல்லு" என்றார் அவர். பின்னால் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம்.

"ஏங்க, அந்த பிராக்கெட் டெஸ்ட் தப்புங்க. நான் சென்சாரைத் தப்பான இடத்துல ஒட்டியிருக்கேன். ஒன்பது வருஷமா. கால்வாசி ஆட்டம்தான் அதுக்குப் போயிருக்கு. அது பாஸே ஆகலைங்க. நிஜமா ஆட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னே தெரியாது." ஒரே மூச்சில் கொட்டிவிட்டு அழுதாள்.

டேப் சத்தம் நின்றது. அவர் ஒரு கதவைச் சாத்துவது கேட்டது. திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"வெளிய எத்தனை ஓடுது?" என்றார்.

"நானூத்திப் பதினாறு."

"மேனேஜர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். திங்கள்கிழமை பார்த்துக்கலாம்னார். பழசைக் கிளற வேணாம்னார்."

"திங்கள்கிழமை வரைக்கும் ஆம்புலன்ஸ் எல்லாம் லீவாமா?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வேலை போயிடுங்க."

"போகலாம். இல்லைன்னா இங்க அனுப்புவாங்க. ஸ்டோர்ல ஒரு நாற்காலி காலியாத்தான் இருக்கு. கால்தான் கொஞ்சம் ஆடும்" என்றார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "மெயில் எழுது. மேனேஜருக்கு, அவருக்கு மேல இருக்கிறவருக்கு, வாங்கறவங்களுக்கு, மூணு பேருக்கும். நான் லைன்லயே இருக்கேன்."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மடிக்கணினியை முழங்காலில் வைத்துத் தட்டினாள். தட்டத் தட்டப் படித்துக் காட்டினாள். "சென்சார் தவறான இடத்தில் இருந்திருக்கலாம்" என்று படித்தபோது அவர் குறுக்கிட்டார்.

"'இருக்கலாம்' எதுக்கு? தெரிஞ்சதைத் தெரியும்னு எழுது."

மாற்றினாள். பதினோராம் பக்கத்தை இணைத்தாள். கடைசியில், இந்தச் சோதனையை ஆதாரமாக வைத்து அசெம்ப்ளி பிரிவின் மேல் சொல்லப்பட்ட குற்றம் நிற்காது, அந்த அறிக்கையில் உள்ள என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினாள். அதையும் படித்துக் காட்டினாள்.

"அனுப்பிட்டேன்" என்றாள்.

"சரி."

வாசல் பக்கம் கைதட்டல் கேட்டது. சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் போல. அவர் போனை வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தாள். வைக்கவில்லை. மூச்சு விடுவது கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஏம்மா" என்றார் அவர். ஸ்டோரில் யாரும் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி குரல் இறங்கியிருந்தது. "நினைச்சு நினைச்சுப் பார்த்து எனக்கே இப்பல்லாம் சரியா ஞாபகம் வர மாட்டேங்குது. அன்னிக்கு நான் எல்லாத்தையும் டைட் பண்ணினேன்தானே?"

அதைச் சொல்ல அவள் கையில் கிராஃப் எதுவும் இல்லை. பதினோராம் பக்கத்தில் அதற்கு விடை இல்லை. எந்த மெஷினிலும் இல்லை.

"பண்ணினீங்க" என்றாள் அவள்.